சொல்லிக்கொண்டு கிளம்புதல்

ஜனவரி 9, திங்கள்

பயிற்சிப் பணியின் முதல் நாள். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தந்தார்கள். அதில் ‘இஸி’ என்று அச்சடித்திருந்தது. என் பெயர் இசக்கியம்மாள் என்றேன். என் மேற்பார்வையாளர் ஃபியோனா மூன்று முறை முயன்றாள். பிறகு, “எவ்வளவு அழகான பெயர்!” என்று சொல்லிவிட்டு அட்டையை அப்படியே விட்டுவிட்டாள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் அந்தப் பெயருக்குரிய அம்மன் பலி கேட்பாள். அதை எழுத அட்டையில் இடமில்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு சிறிய துறைமுக ஊர். அமைப்பின் பெயரைத் தமிழில் ‘துணைக்கரம்’ எனலாம். முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் வருவது வேலை. ஏப்ரல் வரை இங்கே இருந்து தேறிவிட்டால் சமூகப்பணி முதுகலை முடிந்தது. ஜூனில் தென்காசி.

வாரந்தோறும் ‘சிந்தனைக் குறிப்பு’ எழுதி ஃபியோனாவிடம் தர வேண்டும். மூன்று கட்டங்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், அடுத்த முறை எப்படிச் செய்வாய். மூன்றாவது கட்டத்தில் ‘இதே மாதிரிதான்’ என்று எழுதலாமா என்று கேட்டேன். கூடாதாம்.

நான் இப்போது எழுதுவது அந்தக் குறிப்பு அல்ல.

ஜனவரி 12, வியாழன்

எனக்குத் தந்த முதல் வீடு கால்டர் தம்பதியுடையது. மோராக் கால்டருக்குப் பக்கவாதம், படுக்கையில் இருக்கிறார். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைக் ‘கோழி’ என்று கூப்பிடுகிறார். இந்த ஊரில் பெண்களைப் பாசமாக அழைப்பது அப்படித்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பேசுவது என் காதில் தென்காசிப் பேச்சாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன். ஃபியோனா பேசுவது செய்தி வாசிப்பதுபோல விழுகிறது. அதையும் அப்படியே.

இங்கே சொல்லித்தந்த முறைப்படி, “உங்களுக்கு எது முக்கியம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று கல்லூரியில் இரண்டு விரிவுரைகள் நடத்தினார்கள். முதல் விரிவுரை ஒன்றரை மணி நேரம், ஆசிரியர் நிறுத்தாமல் பேசினார்.

கால்டர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “அவ என்னைய ஏசணும். அதான் வேணும்.”

மோராக்குக்கு மிஞ்சியிருக்கும் சொற்கள் கொஞ்சம். அவற்றில் ஏச்சு ஒன்றும் இல்லை.

தென்காசியில் மூன்று வருடம் ஒரு அறக்கட்டளையில் வீடு வீடாகப் போனேன். போனவுடன் அவர்களுக்கு என்ன தேவை என்று நாங்களே சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வருவோம். யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. இதை ஃபியோனாவிடம் சொல்லப்போவதில்லை. சந்தோஷப்படுவாள்.

ஜனவரி 22, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டேனா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அவள் சாப்பிட்டாளா என்றேன். ஒருத்திக்கு என்னத்த பொங்க என்றாள். லைன் சரியில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

இன்று கல்லூரியில் வகுப்பு. தலைப்பு, பண்பாட்டு வேற்றுமையை மதித்தல். ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். “இஸி, உங்கள் பண்பாட்டில் இதை எப்படிப் பார்ப்பீர்கள்?” என்றார். எதை என்று கேட்டேன். பொதுவாக என்றார்.

“எங்கள் பண்பாட்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்போம்” என்றேன்.

பதினேழு பேர் எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 21, செவ்வாய்

மோராக் கால்டர் நேற்று இறந்துவிட்டார்.

எப்போது போய்ப் பார்க்கலாம் என்று ஃபியோனாவிடம் கேட்டேன். மோராக்தான் நம் பயனாளர். கால்டர் அவருக்குப் ‘பராமரிப்பாளர்’. பராமரிக்க ஆள் இல்லாதபோது அவர் அந்த வகையிலும் வர மாட்டார் என்றாள். கெட்டவள் அல்ல, சொல்லும்போது கண் கலங்கியது. அடக்கம் முடிந்தபின் ஒருமுறை போய், துக்கம் பற்றிய துண்டறிக்கையைக் கொடுத்து, கருத்துப் படிவம் வாங்கி, முறையாக விடைபெற்று வர வேண்டும். அதோடு கோப்பு மூடப்படும். ‘முடிவுகளைக் கையாளுதல்’ என்பது நான் தேற வேண்டிய திறன்களில் ஒன்று. அதற்கு இந்த வீடு நல்ல வாய்ப்பு என்றாள்.

மார்ச் 7, செவ்வாய்

கால்டர் வீட்டுக்குப் போனேன். மோராக்கின் கட்டிலை எடுத்துப் போய்விட்டார்கள். அதன் கால்கள் அழுத்திய பள்ளம் மட்டும் கம்பளத்தில் இருந்தது. கால்டர் அதை மிதிக்காமல் சுற்றி நடந்தார். நானும் சுற்றி நடந்தேன்.

எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். எங்கள் ஊரில் என்றால் நான் அவர் கையைப் பிடித்திருப்பேன். இங்கே தொடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும், கேட்டுவிட்டால் தொட்டதாக இருக்காது. துண்டறிக்கை பைக்குள்ளேயே கிடந்தது. வெளிச்சம் போனது. எழுந்தேன், கதவைச் சாத்தினேன், வந்துவிட்டேன்.

வீட்டைவிட்டு வெளியே வந்ததும் விதிப்படி அலுவலகத்துக்குப் போன் செய்து, பத்திரமாகக் கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு கடற்பறவை என் ரொட்டியைக் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போனது. அதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்ச் 9, வியாழன்

ஃபியோனா அழைத்தாள். “உன் சடை இன்று மிக நன்றாக இருக்கிறது” என்றாள். நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. இங்கே மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுத்தரும் முறை இது. இரண்டு இட்லிக்கு நடுவே மிளகாய்ப்பொடி.

மிளகாய்ப்பொடி இதுதான்: மிஸ்டர் கால்டரிடமிருந்து புகார் பதிவாகியிருக்கிறது. ‘பயிற்சி மாணவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறினார்.’

விளக்கினேன். சாவு வீட்டுக்கு அழைப்பில்லாமல் போவோம், கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மாட்டோம். ‘வருகிறேன்’ என்று சொன்னால் அந்த வீட்டுக்குச் சாவும் திரும்பி வரும். அவருக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.

“எவ்வளவு அழகு!” என்றாள் ஃபியோனா. கண் கலங்கியது. பிறகு கணினியில் ‘பண்பாட்டுக் காரணி’ என்ற கட்டத்தில் டிக் செய்தாள்.

ஒரு வாக்குமூலம் தயாராக இருந்தது. ‘எனது பண்பாட்டுப் பின்னணி தொழில்முறை நடத்தைக்குத் தடையாக இருந்ததை உணர்கிறேன். இனி அவ்வாறு நேராது.’ இதில் கையெழுத்துப் போட்டால் தேறிவிடுவேன். போடாவிட்டால் குழு முன் நிற்க வேண்டும், பயிற்சியைச் செப்டம்பரில் முதலிலிருந்து செய்ய நேரலாம். ஜூன் இல்லை. குழு முடிவு சொல்லும்வரை கால்டரைத் தொடர்புகொள்ளவும் கூடாது.

“உன் குடை கூட அழகாக இருக்கிறது” என்று முடித்தாள்.

சுவரில் ‘எல்லாப் பண்பாடுகளையும் கொண்டாடுவோம்’ என்று ஒரு சுவரொட்டி. அதில் ஒரு சமோசா சிரிக்கிறது.

மார்ச் 10, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

“ஏட்டி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். எம்மா, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“அப்பா எழவுக்கு வந்தவங்க எல்லாம் சொல்லாமத்தான போனாங்க. ஒனக்கு எப்பிடி இருந்துச்சு?”

“இதென்ன கேள்வி? அங்கன குளுருல ஒனக்குக் காய்ச்சலா?”

வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு விரிவுரைகளுக்கு முதல்முறையாக நன்றி சொன்னேன். தென்காசியில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள், நிறுத்தினார்கள்.

“பதினாறு முடிஞ்ச அன்னைக்கு, சட்டிபானையக் கழுவிட்டு முன்னால வாரேன். வீட்ல ஒரு ஈ காக்கா இல்ல. வாசல்ல கெடந்த செருப்பு ஒண்ணையும் காணல. எப்பம் எந்திச்சுப் போனாவன்னே தெரியல. பந்தக்காரன் மட்டும் நின்னான். ‘அக்கா, காலைல வந்து பிரிச்சிருதேன்’ன்னான். அத்தன சனத்துல வாரேன்னு சொன்னது அவன் ஒருத்தந்தான்.”

“அது மொறதானம்மா.”

“மொறதான். நான் இல்லைன்னா சொன்னேன்? வருசம் திரும்பாத வீடுன்னு நீயும் மொறயாத்தான் போன. நான் பால் வாங்கிட்டு வாரதுக்குள்ள டாக்ஸி ஏறி.”

லைன் சரியில்லை.

மார்ச் 14, செவ்வாய்

கால்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். தடை நினைவிருந்தது. அதனால் நன்றாகத் தட்டினேன்.

“ஏ கோழி! உசுரோட இருக்கியா?” என்றார். என்னைத் தள்ளிக்கொண்டுபோய் அடுப்பின் அருகே உட்காரவைத்தார். “அன்னைக்குப் பேயறஞ்ச மாதிரி எந்திச்சுப் போன. என்னவோ ஏதோன்னு ஒங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தப் பிள்ள ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டு, அதுக்கு மேலுக்கு ஏதும் சரியில்லையான்னு கேட்டேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது’ன்னு சொல்லி வச்சிட்டாங்க.”

அதுதான் புகார்.

அது என்மேல் புகாராக எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தைகள் பேசினார். அதற்கு மட்டும் தென்காசியில் சரியான இணை கிடைக்கவில்லை. பிறகு நான் ஏன் சொல்லாமல் போனேன் என்று அவரிடமே சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“அப்பம், நீ வாரேன்னு சொன்னா சாவும் பின்னாலயே வந்துரும்?”

“அப்படி ஒரு நம்பிக்கை.”

“இனிமே வந்து யாரக் கூட்டிட்டுப் போவப் போவுது? என்னையத்தான? வரட்டும். டீ போட்டுக் குடுக்கேன்.”

கெட்டிலை வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார். “மோராக்கும் சொல்லாமத்தான் போனா. அவளுக்குப் பேச்சு வரல. ஒனக்கு வரும்லா?”

டீ குடித்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று “போயிட்டு வாரேன்” என்றேன், தமிழிலேயே. பொருள் கேட்டார். போய்விட்டுத் திரும்பி வருவேன் என்று அர்த்தம் என்றேன்.

“எப்பம்?” என்றார்.

இந்த ஊரில் இதுதான் தொல்லை. எங்கள் ஊரில் வாரேன் என்றால் யாரும் கிழமை கேட்க மாட்டார்கள்.

“வியாழக்கிழமை” என்றேன்.

மார்ச் 16, வியாழன்

போனேன்.

மார்ச் 23, வியாழன்

குழு கூடியது. மூன்று பேர், நான்கு நாற்காலிகள். நான்காவது பயனாளரின் குரலுக்காக எப்போதும் போடப்படுகிறதாம். அதன்மேல் ஃபியோனாவின் கோட் கிடந்தது.

கால்டர் புகார் செய்யவில்லை, கவலைப்பட்டார் என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். போய்க் கேட்டேன் என்றேன். முதல் குற்றம் சொல்லாமல் போனது. இரண்டாவது, சொல்லப்போனது. இரண்டாவதுதான் கனமானது என்றார் தலைவர், மழுமழுவென்று சவரம் செய்த, மிருதுவாகப் பேசும் மனிதர்.

ஆனாலும் அந்த வாக்குமூலத்தில் இப்போது கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றார். என் பண்பாட்டின் மேல் அவர்களுக்கு மிகுந்த மரியாதை இருக்கிறதாம். அது தடையாக இருந்தது என்று நான் ஒப்புக்கொண்டால் மட்டும் போதும்.

வேறு ஒரு வாக்கியம் எழுதித் தருகிறேன் என்றேன். ‘சொல்லாமல் வந்தது தவறல்ல. ஏன் சொல்லாமல் வந்தேன் என்று அவருக்குத் தெரியாமல் விட்டதுதான் தவறு.’

“இரண்டும் ஒன்றுதானே?” என்றார் தலைவர்.

“இல்லை. உங்கள் வாக்கியம் உங்களுக்கு. என்னுடையது அவருக்கு.”

அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. தேடிப் பார்த்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

செப்டம்பர். முதலிலிருந்து, வேறு அமைப்பில்.

எழுந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். ஃபியோனா நடைவழியில் ஓடிவந்தாள். “இஸி, உடம்பு சரியில்லையா?” என்றாள்.

பாராட்டில் தொடங்காமல் அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. பதிலுக்கு என் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாகத் திருப்பிச் சொன்னாள்.

மார்ச் 26, ஞாயிறு

இன்று லைன் நன்றாக இருந்தது.

ஜூனில் வர மாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். முழுவதும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். விரிவுரைக்கே போகாமல் சிலருக்கு இது வந்துவிடுகிறது.

“ஒரு கையெழுத்துப் போட்டா வந்துருக்கலாம்.”

“வந்துருக்கலாம்.”

“போடல.”

“போடல.”

“சரி. ஒங்க அப்பா புத்தி. எப்பம் வாரேன்னு மட்டும் சொல்லு.”

ஜனவரி என்றேன்.

“எத்தனாந் தேதி?” என்றாள்.

ஏப்ரல் 18, செவ்வாய்

தோற்றதில் ஒரு வசதி. நான் இப்போது துணைக்கரத்தின் மாணவி அல்ல, எனவே கால்டரைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வியாழக்கிழமைகளில் போகிறேன். இந்த வாரம் ஆவலில் இன்றே கூப்பிட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். போன மாதம் அவர் துணைக்கரத்துக்கு மறுபடி போன் செய்திருக்கிறார். “முந்தி நான் பண்ணுனது புகார்னு எழுதிட்டீங்கள்லா. புகார்னா எப்பிடி இருக்கும்னு இப்பம் காட்டுதேன், பேனாவ எடுங்க” என்று ஆரம்பித்து, அவர்கள் தாளை மாற்றும்வரை பேசியிருக்கிறார்.

மனைவி இறந்தவரைப் பார்க்க வர அவர்களுக்கு விதி இல்லை. புகார் செய்தவரைப் பார்க்க வராமலிருக்க விதி இல்லை. முதலில் ஒரு விசாரணை அதிகாரி வந்தார். பிறகு முதல் அதிகாரி சரியாகக் கேட்டாரா என்று கேட்க இன்னொருவர். போன வாரம் ஃபியோனா.

“நல்ல பிள்ள. அழுதுட்டா. மோராக்கப் பத்தி ரெண்டு மணி நேரம் கேட்டுக்கிட்டு இருந்தா” என்றார் கால்டர். புதிதாக ஒரு பெரிய பிஸ்கட் டின் வாங்கியிருக்கிறார்.

மன்னிப்புக் கடிதம் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்கிறார்களாம்.

“பெறப் போறீங்களா?”

“ஒனக்கென்ன கிறுக்கா? மே மாசம் மேலதிகாரி வாராரு.”

டிசம்பர் 15, வெள்ளி

இரண்டாவது அமைப்பில் தேறினேன். எழுத வேறொன்றும் இல்லை. அட்டையில் முழுப் பெயரும் போட்டிருந்தார்கள், எழுத்துப் பிழையோடு.

கால்டரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். எப்பம் என்றார். இந்த முறை தெரியாது என்றேன்.

“சரி, தெரியாதுன்னாவது சொல்லிட்டுப் போறியே” என்றார். பஸ் திரும்பும்வரை வாசலில் நின்றார். புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

பிப்ரவரி 5, திங்கள்

தென்காசி. பழைய அறக்கட்டளையிலேயே வேலை, நோயாளிகளின் வீடுகளுக்குப் போவது. வெளிநாட்டில் படித்தவள் என்று செயலாளர் எனக்குச் சுழலும் நாற்காலி போட்டிருக்கிறார். அதில் உட்கார நேரமில்லை.

ஆய்க்குடிப் பக்கம் படுக்கையிலிருந்த ஒரு பெரியவர் சனிக்கிழமை இறந்துவிட்டார். பேஷண்ட் போயாச்சு, ஃபைலை மூடிவிடலாம் என்றார் செயலாளர். இதைக் கற்றுக்கொள்ள அவர் கடல் கடந்து போக வேண்டியிருக்கவில்லை.

போனேன். வீடு நிறையப் பெண்கள். அவர் மனைவி பேச்சித்தாய் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். இங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒருத்தி எழுந்து போனாள், இன்னொருத்தி போனாள், செருப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. என் முறை வந்தது. எழுந்தேன். வாசல்வரை போனேன். திரும்பி வந்து அவள் முன்னால் குனிந்தேன்.

“ஆச்சி, வியாழக்கிழமை வாரேன்.”

“ஐயையோ!” என்று பின்னால் ஒரு குரல். “யாரு பெத்த பிள்ளடீ இது? எழவு வீட்ல நின்னு வாரேங்குது!”

“சீமைல படிச்சதாம்லா” என்றாள் இன்னொருத்தி. “அங்க இதத்தான் சொல்லிக் குடுத்தானுவளாக்கும்.”

இல்லை, அங்கே இப்படித் திரும்பிப் போனதற்காக என்னைத் தோற்கடித்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பேச்சித்தாய் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

“காலைலயா, சாயங்காலமா?” என்றாள்.

பிப்ரவரி 8, வியாழன்

போனேன்.